கேமுக்குள் விலை ஏறினால் யாரோடு கோபப்படுவது?

வெள்ளவத்தையில் இருக்கும் ஒரு அக்கா கேட்ட கேள்வி இது. சில வருடங்களாக போனில் ஒரு ஊர் கட்டும் கேம் விளையாடுகிறார். தோட்டம் போட்டு, ஆலையில் மாவும் வெண்ணெயும் ஆக்கி, ரயிலில் ஏற்றி விற்று, வரும் காசில் காணி வாங்கி ஊரைப் பெருப்பிக்கும் வகை. கடைசியாக வந்த அப்டேட்டோடு காணி விலை கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிவிட்டது, களஞ்சியத்தைப் பெரிதாக்கக் கேட்கும் ஆணியும் பலகையும் கூடிவிட்டன, போதாக்குறைக்கு உண்மையான பணம் கட்டி வாங்கும் டயமண்ட் பொதியின் ரூபா விலையும் ஏறிவிட்டது. "இது பகல் கொள்ளைதானே? முறையிட ஒரு இடமும் இல்லையா? காசு கட்டுவதை நிறுத்தவா, கேமையே அழித்துவிடவா?" என்று கேட்டிருந்தார். நான் சில காலம் ஒரு கேம் கம்பனியில் இந்த விலைப்பட்டியல் போடும் பக்கத்தில் இருந்தவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

அக்கா, உங்களுக்கு வந்தது ஒரு விலை ஏற்றம் இல்லை, இரண்டு. ஒன்று நீங்கள் ரூபாவில் கட்டும் விலை. மற்றது கேமுக்குள் நீங்கள் உழைத்த காசில் கட்டும் விலை. இரண்டும் ஒரே நேரத்தில் வந்ததால் ஒரே ஆள் இரண்டு கன்னத்திலும் அறைந்த மாதிரி இருக்கும். முதலாவதில் கம்பனிக்குப் பெரிய பங்கு இல்லாமலும் இருக்கலாம். இரண்டாவது முழுக்க முழுக்க அவர்கள் கையால் செய்தது. கோபத்தை அந்தப் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

ரூபாவை முதலில் முடித்துவிடுவோம். 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபாவைச் சுற்றி நின்றது, அதாவது 4.99 டொலர் பொதி ஏறக்குறைய ஆயிரம் ரூபா. மத்திய வங்கி ரூபாவை மிதக்க விட்ட பிறகு மே மாதத்தில் டொலர் 360 மட்டுக்கும் போனது, அதே பொதி 1,800. பிறகு ரூபா கொஞ்சம் தேறி 300ஐச் சுற்றி வந்தது, பொதியும் 1,500க்கு இறங்க வேண்டும். இவ்வளவு ஆட்டத்துக்கும் கேம் கம்பனி ஒரு சதம்கூடக் கூட்டியிருக்கத் தேவையில்லை. ஆனால் பிளே ஸ்டோரில் ஒரு சங்கதி இருக்கிறது. கம்பனி டொலரில் விலையைக் கொடுத்து, மற்ற நாடுகளுக்கு அன்றைய மாற்று வீதத்தில் மாற்றிப் போடச் சொன்னால் ஸ்டோர் மாற்றிப் போடும், அதோடு சரி. நாளாந்தம் அது தானாக ஏறி இறங்குவதில்லை. கம்பனிக்காரர் யாராவது திரும்ப வந்து புதுப்பித்தால்தான் ரூபா விலை மாறும். அதனால்தான் பல மாதம் அசையாமல் கிடந்த விலை ஒரு நாள் காலையில் திடீரென்று தாவுகிறது. டொலர் இறங்கும்போதோ யாருக்கும் புதுப்பிக்க ஞாபகம் வருவதில்லை, அது வேறு கதை. ஐபோனில் இலங்கைக் கணக்குக்கு விலை டொலரிலேயே காட்டும், அங்கே இந்தத் தாவல் வங்கி அனுப்பும் கணக்கு அறிக்கையில்தான் தெரியும்.

அதற்கு மேல் கார்ட். உங்கள் வங்கி மாற்றும் வீதம் மத்திய வங்கி போடும் வீதமாக இருக்காது, வெளிநாட்டுக் கொடுக்கல் வாங்கலுக்கென்று ஒரு கட்டணம் இருக்கும், முத்திரைத் தீர்வை இருக்கும். வங்கிக்கு வங்கி இது மாறும், கட்டண அட்டவணையை ஒருக்கா எடுத்துப் பாருங்கள். அப்புறம் வற் என்ற பெறுமதி சேர் வரி. 2024 ஜனவரியில் வற் 18 சதவீதமானது. வெளிநாட்டுக் கம்பனிகள் இணையம் வழியாக இங்கே விற்கும் சேவைகளுக்கும் அந்த 18ஐப் போட 2025இல் சட்டத்தைத் திருத்தினார்கள். முதலில் 2025 ஒக்டோபர் 1 என்று சொல்லி, பிறகு 2026 ஏப்ரல் 1க்குத் தள்ளினார்கள். டொலர் 300லேயே நின்றாலும் அந்த 1,500 ரூபாப் பொதி வற்றோடு 1,770 ஆகும், அதாவது 2022இல் நெருக்கடி உச்சத்தில் இருந்தபோது கட்டிய 1,800க்குக் கிட்டத் திரும்பப் போய்விடும். கேம் கம்பனியைத் திட்டி இதில் ஒரு பிரயோசனமும் இல்லை.

ஒரு குறை சொல்லலாம். ஒவ்வொரு நாட்டின் வருமானத்தைப் பார்த்து விலையைக் குறைத்துப் போடும் வசதி இரண்டு ஸ்டோரிலும் உண்டு. அப்பிள் 2022 டிசம்பரில் கம்பனிகள் தெரிவு செய்யக்கூடிய விலைப் படிகளை 900 ஆக்கியது, ஆகக் குறைந்தது 0.29 டொலர். துருக்கிக்கும் இந்தியாவுக்கும் தனி விலை யோசிக்கும் கம்பனிகள் இலங்கைக்கு யோசிப்பது குறைவு, ஏனென்றால் நாங்கள் அவர்களுடைய வருமானத் தாளில் கண்ணுக்கே தெரியாத ஒரு வரி. மனம் நோகிற விஷயம்தான், ஆனால் கொள்ளை என்று சொல்ல மாட்டேன்.

இனி காணி விலைக்கு வருவோம், விஷயம் அங்கேதான் இருக்கிறது.

இப்படியான கேமில் விலை எப்படிப் பிறக்கிறது என்று வெளியில் இருப்பவர்கள் நினைப்பது ஒன்று, நடப்பது ஒன்று. ஒரு நீளமான எக்செல் தாள். இடது பக்கம் லெவல். அடுத்த நிரலில் அந்த லெவலில் இருக்கும் ஒருவர் ஒரு நாளைக்குச் சராசரியாக உழைக்கும் காசு. அடுத்ததில் அந்த லெவலில் திறக்கும் காணி, ஆலை, களஞ்சியம் எல்லாவற்றின் விலை. கடைசி நிரலின் தலைப்பு "நாட்கள்". விலையை உழைப்பால் வகுத்தால் வரும் எண். கூட்டத்தில் இருந்து பேசும்போது எல்லோரும் பார்ப்பது அந்தக் கடைசி நிரலை மட்டும்தான். "லெவல் 40இல் ஒரு காணிக்கு நாலு நாள் போதாது, ஆறாக்குவோம்" என்பார் ஒருவர். உடனே விலை நிரலில் எண் மாறும். அதாவது 12,000 காசு, 24,000 காசு என்று நீங்கள் திரையில் பார்ப்பது விலையே இல்லை. உங்கள் வாழ்க்கையில் எத்தனை நாளை இந்தக் காணிக்குக் கேட்கலாம் என்று அவர்கள் எடுத்த முடிவு அது. டயமண்ட் என்பது அந்த நாட்களைத் தாண்டிப்போக விற்கும் டிக்கெட். காணி விலையை இரட்டிப்பாக்கினால் டயமண்ட் விலையைத் தொடாமலே டயமண்டின் தேவையை இரட்டிப்பாக்கிவிடலாம். ரூபாவில் கட்டும் விலையைக் கூட்டினால் ஆட்கள் உடனே கத்துவார்கள், இதைச் செய்தால் பாதிப் பேருக்கு விளங்கவே கொஞ்ச நாள் எடுக்கும்.

நியாயமான காரணம் ஒன்றுமே இல்லையா என்றால், இருக்கிறது. கேம்காரர்கள் குழாய், வடிகால் என்று பேசுவார்கள். அறுவடை, ரயில், தினப் பரிசு எல்லாம் காசு ஊற்றும் குழாய். காணி, கட்டடம், மேம்படுத்தல் எல்லாம் காசு வெளியே போகும் வடிகால். கேம் பழசாகப் பழசாக நீண்ட நாள் விளையாடுகிறவர்களிடம் காசு குவிந்துவிடும், வாங்க ஒன்றும் இருக்காது, அலுப்பு வந்துவிடும். விளையாடுகிறவர்கள் தங்களுக்குள் வாங்கி விற்கும் கேமாக இருந்தால் இன்னும் மோசம், புதிதாக வருபவர் பழையவரோடு போட்டி போட்டு ஒரு ஆணிகூட வாங்க முடியாது. அதனால்தான் ஹே டே மாதிரித் தோட்டக் கேமில் தெருவோரக் கடையில் விலைக்கு உச்ச வரம்பு வைத்திருக்கிறார்கள், 10 கோதுமைக்கு 36 காசுக்கு மேல் போட விடாது. ஈவ் ஒன்லைன் என்ற விண்வெளிக் கேமை நடத்தும் ஐஸ்லாந்துக் கம்பனி 2007இல் ஒரு பொருளியல் கலாநிதியையே வேலைக்கு எடுத்தது, கேமுக்குள் பணவீக்கத்தைக் கண்காணிக்க. ஆகவே ஒரு கேம் தன் விலைகளை எப்போதாவது திருத்த வேண்டி வரும் என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் எப்படித் திருத்துவது? புதிதாகத் திறக்கும் காணிகளுக்குப் புது விலை போடலாம். ஏற்கெனவே திரையில் காட்டி, "இவ்வளவு சேர்த்தால் இது உனக்கு" என்று சொல்லி வைத்த காணியின் விலையை, ஒருவர் முக்கால்வாசி சேர்த்த பிறகு மாற்றுவது வேறு ஜாதி வேலை. செட்டியார் தெருவில் ஒரு சங்கிலிக்குக் காசு சேர்த்துக்கொண்டிருக்கும்போது பவுண் விலை ஏறினால் கடைக்காரரோடு யாரும் சண்டைக்குப் போவதில்லை, உலகச் சந்தையில் ஏறிவிட்டது, அவரும் என்ன செய்வார். கேமுக்குள் உலகச் சந்தை என்று ஒன்று இல்லை. கடையும் அவர்களே, சுரங்கமும் அவர்களே, எடை பார்க்கும் தராசும் அவர்களே. உங்களுக்கு எரிச்சல் வருவது இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன், அது சரியான இடம். ரூபாவில் விலை ஏறினால் வாங்காமல் விடலாம், கையில் காசு மிஞ்சும். கொடுத்து முடித்த மாலைப் பொழுதுகளைத் திரும்ப வாங்க வழி கிடையாது.

இதைவிட நுணுக்கமான வேலை ஒன்றும் உண்டு, உங்கள் கேமில் நடக்கிறதா என்று பாருங்கள். பொதியின் அளவும் சாமானின் விலையும் ஒன்றோடொன்று பொருந்தாமல் வைப்பது. உதாரணத்துக்கு 130 டயமண்ட் பொதி, 120 டயமண்ட் காணி. ஒரு பொதி போதும். காணியை 160 ஆக்கினால் ஏற்றம் மூன்றில் ஒன்றுதான், ஆனால் உங்களுக்கு இரண்டு பொதி வேண்டும், காசு இரட்டிப்பு. மிஞ்சும் 100 டயமண்ட் சும்மா கிடந்து உங்களைப் பார்த்துக்கொண்டே இருக்கும், "இன்னும் 60 இருந்தால் அடுத்த காணி" என்று. இது தற்செயல் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் நுகர்வோர் பாதுகாப்பு அதிகாரிகள் 2025 மார்ச்சில் கேம் நாணயங்கள் பற்றி வெளியிட்ட கோட்பாடுகளில் இதையே குறிப்பிட்டார்கள்: சாமானின் விலையை உண்மையான பணத்திலும் காட்ட வேண்டும், வேண்டாத நாணயத்தை வாங்க வைக்கும்படி பொதிகளை அமைக்கக் கூடாது என்று. அமெரிக்காவில் அதே வருடம் ஜனவரியில் கென்ஷின் இம்பாக்ட் என்ற கேமின் கம்பனி ஒரு வழக்கை முடிக்க 20 மில்லியன் டொலர் கட்டச் சம்மதித்தபோது, கேம் நாணயம் உண்மையில் எவ்வளவு பணம் என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்பதும் நிபந்தனைகளில் ஒன்று. இங்கே நமக்கு அந்த மாதிரி ஒரு பாதுகாப்பு இல்லை, ஆனால் கணக்கை நாமே போடலாம்: பொதி விலையை டயமண்ட் எண்ணிக்கையால் வகுத்து, ஒரு டயமண்ட் எத்தனை ரூபா என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். பிறகு ஒவ்வொரு தடவையும் "160 டயமண்ட்" என்று கண்ணில் படும்போது பெருக்கிப் பாருங்கள். ஒரு சித்திரத் தோட்டத்து வேலி ஆயிரத்து நானூறு ரூபா என்று தெரிந்தால் கை தானாகப் பின்னுக்குப் போகும்.

இன்னொன்று. உங்கள் தங்கச்சியும் இதே கேம் விளையாடுவதாகச் சொன்னீர்கள். இரண்டு பேரும் ஒரே மேசையில் இருந்து, இரண்டு போனையும் பக்கத்தில் வைத்து, "சிறப்புச் சலுகை" என்று வரும் பொதிகளை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரே பொதி இருவருக்கும் ஒரே விலையில் வராவிட்டால் ஆச்சரியப்படாதீர்கள். விலைகள் கேமோடு சேர்ந்து போனுக்கு டவுன்லோட் ஆவதில்லை, கம்பனியின் சர்வரில் இருந்து வருகின்றன, அப்டேட் இல்லாமலே நினைத்த நேரம் மாற்றலாம். விளையாடுபவர்களை இரண்டு, மூன்று கூட்டமாகப் பிரித்து ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒவ்வொரு விலை காட்டி, எதில் கூட வருமானம் வருகிறது என்று பார்ப்பார்கள், தொழிலில் இது தினசரி வேலை. முன்பு வாங்கியவருக்குப் பெரிய பொதியும், ஒருபோதும் வாங்காதவருக்கு மலிவான முதல் பொதியும் வரும். அக்கா, நீங்கள் அடிக்கடி வாங்குகிறவர் என்றால் உங்கள் திரையில்தான் விலை கூட இருக்க வாய்ப்பு. விசுவாசத்துக்குப் பரிசு!

ஏன் இப்போது கூடுதலாக இதைச் செய்கிறார்கள் என்று கேட்டால், முக்கிய காரணம் ஒன்று சொல்லலாம். 2021 ஏப்ரலில் அப்பிள், ஒரு ஆப் உங்களை மற்ற ஆப்களில் பின்தொடர உங்கள் அனுமதியைக் கேட்க வேண்டும் என்று ஆக்கியது. பெரும்பாலானோர் வேண்டாம் என்றார்கள். அதோடு யாருக்கு விளம்பரம் காட்டினால் காசு கட்டும் ஆள் கிடைப்பார் என்று குறிபார்த்து அடிப்பது கடினமானது, புது ஆளைப் பிடிக்கும் செலவு ஏறியது. புது ஆள் விலை கூடினால் இருக்கிற ஆளிடம் கூடக் கறக்க வேண்டும். ஸ்டோர் வேறு ஒவ்வொரு 100 ரூபாவிலும் வழக்கமாக 30 எடுத்துக்கொள்கிறது, சின்னக் கம்பனியாக இருந்தால் 15. இதெல்லாம் விளக்கம் மட்டும்தான், சேர்த்து வைத்தவரின் காணி விலையை நடுவில் மாற்றுவதற்கு நியாயம் ஆகாது.

கத்தினால் குறைப்பார்களா? சிலநேரம். 2017 நவம்பரில் ஸ்டார் வோர்ஸ் பேட்டில்ஃப்ரண்ட் 2 என்ற கேம் வெளிவர முதலே டார்த் வேடர் என்ற பாத்திரத்தைத் திறக்க கேமுக்குள் உழைக்கும் 60,000 கிரெடிட் என்றார்கள். விளையாடுகிறவர்கள் கொதித்த கொதிப்பில் ஈஏ கம்பனி அதை 75 சதவீதம் குறைத்து 15,000 ஆக்கியது, கேம் வெளியாகும் தறுவாயில் காசு கட்டி வாங்கும் வசதியையே நிறுத்தி வைத்தது. வெற்றி மாதிரித்தான் தெரியும். ஆனால் கூர்ந்து பார்த்தவர்கள் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள்: இன்னொரு பாத்திரத்தின் விலையை 20,000இல் இருந்து 5,000 ஆகக் குறைத்தபோது, கதைப் பகுதியை முடித்தால் கிடைக்கும் பரிசையும் 20,000இல் இருந்து 5,000 ஆகக் குறைத்திருந்தார்கள். நான் மேலே சொன்ன எக்செல் தாளை நினையுங்கள், விலை நிரலையும் உழைப்பு நிரலையும் சேர்த்துக் குறைத்தால் நாட்கள் நிரல் அசையாது. உங்கள் கேமும் நாளை "உங்கள் குரலைக் கேட்டோம்" என்று சொல்லி காணி விலையைக் குறைக்கலாம். அன்றைக்கு ரயில் எவ்வளவு காசு கொடுக்கிறது என்றும் பாருங்கள்.

சிலநேரம் குறைக்கவே மாட்டார்கள். போகிமொன் கோ என்ற கேமில் வீட்டில் இருந்தபடி தூரத்துச் சண்டையில் சேரும் டிக்கெட் ஒன்று 100 நாணயமாக இருந்தது, 2023 ஏப்ரலில் அதை 195 ஆக்கினார்கள், மூன்று சேர்ந்த பொதியின் விலையை 300இல் இருந்து 525 ஆக்கினார்கள், ஒரு நாளைக்கு ஐந்துக்கு மேல் பாவிக்க முடியாது என்றும் சொன்னார்கள். வெளியே நடக்க முடியாதவர்கள், சனம் குறைந்த ஊர்களில் தனியாக விளையாடுபவர்கள் கனபேர் உண்மையிலேயே பாதிக்கப்பட்டார்கள். எதிர்ப்பு உலகம் முழுக்க எழுந்தது. விலை பழையபடி இறங்கவில்லை. ஆனாலும் ஒரு விஷயத்தை அவர்களுக்கு விட்டுக்கொடுக்கலாம், ஏன் ஏற்றுகிறோம், எந்தத் தேதியில் என்று முன்கூட்டியே சொன்னார்கள், அந்தத் தேதிக்கு முன் பழைய விலையில் வாங்கி வைக்க முடிந்தது. ஈவ் ஒன்லைன் 2022 மே மாதத்தில் மாதச் சந்தாவை 14.99 டொலரில் இருந்து 19.99 ஆக்கியபோதும் முதலே அறிவித்துவிட்டுத்தான் ஏற்றினார்கள். உங்கள் கேம் செய்த மாதிரி, காலையில் எழும்பிப் பார்க்கும்போது விலை மாறிக் கிடக்கும்படி விடுவதுதான் எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத வேலை. இரண்டு கிழமை அவகாசம் கொடுப்பதற்கு எந்தக் கம்பனிக்கும் செலவு ஒன்றும் இல்லை. கொடுக்காததற்குக் காரணம், கொடுத்தால் எல்லோரும் அந்த இரண்டு கிழமையில் பழைய விலைக்கு வாங்கி முடித்துவிடுவார்கள் என்பதுதான்.

ஒரு நட்சத்திரம் போட்டுத் திட்டி எழுதுவதில் மனப்பாரம் குறையும், போடுங்கள், தப்பில்லை. ஆனால் உள்ளே இருந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், திங்கட்கிழமைக் கூட்டத்தில் முதலில் திறப்பது விமர்சனப் பக்கத்தை இல்லை. நேற்று எத்தனை பேர் கேமைத் திறந்தார்கள், அதில் எத்தனை பேர் வாங்கினார்கள், ஆளுக்கு எவ்வளவு. விலை ஏற்றத்துக்குப் பிறகு அந்த மூன்று எண்ணும் இறங்கினால் யாரோ ஒருவர் தலைமேல் கை வைப்பார். திட்டிக்கொண்டே வாங்கினால், வாங்கினது மட்டும்தான் கணக்கில் விழும். அதனால் நிறுத்துவதென்றால் ஒரு கூட்டாகச் சேர்ந்து, கேமில் அடுத்து வரும் சிறப்பு நிகழ்வுக் காலம் முழுக்க ஒரு பொதியும் வாங்காமல் விடுங்கள், ஏன் வாங்கவில்லை என்று கேமுக்குள்ளே இருக்கும் உதவிப் பகுதியில் ஒரு வரி எழுதுங்கள். இலங்கையில் இருந்து போகும் எண்ணிக்கை சின்னது, அதை நான் மறைக்கவில்லை.

முறையிட இடம் கேட்டீர்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை இருக்கிறது, 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்குகிறது, 1977க்கு அழைத்தால் எடுப்பார்கள். ஆனால் இங்கே ஒரு அலுவலகமும் இல்லாத வெளிநாட்டுக் கம்பனி தன் கேமுக்குள் சித்திரக் காணியின் விலையை மாற்றியதற்கு அவர்களால் என்ன செய்ய முடியும் என்று நீங்களே யோசியுங்கள். அதற்காக ஒரு நாள் லீவு போடாதீர்கள். பலன் தரக்கூடிய இடம் இரண்டு. விலை மாறப்போவது தெரியாமல் இந்த ஓரிரு நாளுக்குள் பொதி வாங்கியிருந்தால் பிளே ஸ்டோரில் 48 மணித்தியாலத்துக்குள் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம், அதற்குப் பிறகு என்றால் கேம் கம்பனியிடம்தான் கேட்கச் சொல்வார்கள். அப்பிளிலும் வாங்கியதைப் பற்றி முறையிடத் தனிப் பக்கம் இருக்கிறது. இரண்டாவது, கேமின் உதவிப் பகுதி. அங்கே எழுதும்போது "கொள்ளைக்காரர்கள்" என்று தொடங்கினால் ஒரு தானியங்கிப் பதில் வந்து முடிந்துவிடும். பழைய விலை தெரியும் ஸ்கிரீன்ஷொட் இருந்தால் அதையும், புது விலையையும், உங்கள் கணக்கு எண்ணையும் போட்டு, "இந்தக் காணிக்கு நான் சேர்த்துக்கொண்டிருந்தேன், வித்தியாசத்தைத் தர முடியுமா" என்று மட்டும் கேளுங்கள். பதில் எழுதும் பிள்ளைக்குக் கொஞ்ச டயமண்ட் அள்ளிக் கொடுக்க அதிகாரம் இருப்பது வழக்கம், மரியாதையாகக் கேட்பவருக்குக் கொடுத்துவிட்டுப் போவார்கள். இனிமேல் பெரிய சாமான் எதற்கும் சேர்க்கத் தொடங்கும் அன்றே ஒரு ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

செய்யக் கூடாதது ஒன்று இருக்கிறது. விலை ஏறியதும் "அரை விலைக்கு டயமண்ட்" என்று விற்கிறவர்கள் முளைப்பார்கள், உங்கள் கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்பார்கள், அல்லது எங்கேயோ திருடிய கார்டில் வாங்கி ஏற்றுவார்கள். கார்டின் சொந்தக்காரர் வங்கியில் முறையிட்டதும் பணம் திரும்பப் போகும், டயமண்ட் பறிபோகும், கூடவே உங்கள் ஊரும் பூட்டப்படும். வேறு நாட்டில் இருப்பதுபோல் காட்டும் விபிஎன் போட்டு அந்த நாட்டுக் கடையில் மலிவாக வாங்குவதும் ஸ்டோர் விதிக்கு மாறு, கணக்கு முடங்கினால் அதில் இருக்கும் மின்னஞ்சல், படங்கள் எல்லாவற்றுக்கும் சேர்ந்து தலையிடி. நூறு ரூபா மிச்சத்துக்கு இது தேவையில்லை.

சரி, அழித்துவிடவா என்ற கேள்வி. முடிவெடுக்க முதல் ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். இந்த ஊரை நீங்கள் கட்டினீர்கள், ஆனால் அது உங்களுடையது இல்லை, விளையாட அனுமதி மட்டும்தான் உங்களிடம் உண்டு. 2012இல் வந்த சிம்ப்சன்ஸ் டாப்ட் அவுட்டும் ஊர் கட்டும் கேம்தான், பன்னிரண்டு வருடமாக ஆட்கள் காசு கட்டி ஊர் ஊராகக் கட்டினார்கள். 2024 செப்டெம்பரில் மூடப்போகிறோம் என்று அறிவித்தார்கள், 2025 ஜனவரி 24இல் சர்வரை நிறுத்தினார்கள், எல்லா ஊரும் ஒரே நாளில் போனது. ஃபார்ம்வில் 2020 டிசம்பர் 31இல் அப்படித்தான் போனது. ஆகவே "இவ்வளவு போட்டுவிட்டேனே" என்பதற்காக மேலும் போடுவது எந்தக் கணக்கிலும் சரிவராது. இன்றைக்கு ரயில் ஓட்டுவதில் சந்தோஷம் இருக்கிறதா, இருந்தால் காசு கட்டாமல் மெதுவாக விளையாடுங்கள், காணி ஆறு நாளில் வருவது பன்னிரண்டு நாளில் வரட்டும், உங்களுக்கு என்ன அவசரம். நேரத்துக்கு எழும்பிப் பயிர் வெட்டுவது வேலை மாதிரி ஆகிவிட்டதென்றால் விட்டுவிடுங்கள்.

என் அபிப்பிராயம் கேட்டால், கேமை வைத்துக்கொண்டு பணத்தை நிறுத்துவதுதான் சரி. பிளே ஸ்டோரில் பணம் செலுத்தும் பகுதிக்குள் மாத வரவுசெலவு எல்லை ஒன்று போடலாம். அது வாங்குவதைத் தடுக்காது, எல்லையை நெருங்கும்போது சொல்லும். தடுப்பதற்கு ஒவ்வொரு வாங்கலுக்கும் பாஸ்வேர்ட் கேட்கும்படி வையுங்கள், கைரேகை வைத்து வாங்கும் வசதியை நிறுத்திவிடுங்கள், பாஸ்வேர்ட் அடிக்கும் அந்த அரை நிமிடமே பல பொதிகளை நிறுத்தும். போன் பில்லில் கழியும்படி வைத்திருந்தால் அதையும் கழற்றிவிடுங்கள், பில்லில் டேட்டாவோடு கலந்து வரும்போது எவ்வளவு போனது என்று யாருக்கும் தெரிவதில்லை. பிள்ளைகளின் கையிலும் அந்தப் போன் போகுமென்றால் இது இன்னும் முக்கியம்.

கடைசியாக, அழிப்பதென்று முடிவெடுத்தாலும் ஆப்பை நீக்கினால் கணக்கு அழியாது. முதலில் ஊரை உங்கள் கூகுள் கணக்கோடோ கேமின் சொந்தக் கணக்கோடோ இணைத்துவிட்டு நீக்குங்கள், மனம் மாறித் திரும்பி வந்தால் ஊர் அப்படியே இருக்கும். அப்புறம் நீங்கள் கேமுக்குள் உங்கள் கூட்டுறவுக் குழுவின் தலைவி என்று எழுதியிருந்தீர்கள். தலைமையை வேறு யாருக்காவது மாற்றிக் கொடுத்துவிட்டுப் போங்கள், இல்லாவிட்டால் புது ஆளைச் சேர்க்கவும் முடியாமல் வராத ஆளை நீக்கவும் முடியாமல் மற்றவர்கள் மாட்டிக்கொள்வார்கள்.